பச்சை வட்டம்

எங்கள் மையத்துக்குப் பெயர்தான் நீளம்: இனப்படுகொலை, மதச் சிறுபான்மையினர் ஆய்வு மற்றும் கல்வி மையம். இடம் என்று பார்த்தால் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் அறை, இரண்டு பீரோ. ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார் சவுரிராயன் 1962-இல் தொடங்கினார். நான் செயலாளர். உலகத்தில் யாரை யார் எங்கே கொன்று குவித்தார்கள் என்று தேதியோடு ஒப்பிப்பேன். அந்த மண்டைக்கனம் எனக்கு நிறையவே இருந்தது.

ஜெய்த்தூன் பீவியின் கணவர் வடக்கே ஒரு தோல் மண்டியில் வேலை பார்த்தவர். பிரிவினைக் கலவரத்தில் வீட்டு வாசலிலேயே அவரைக் கொன்றுவிட்டார்கள். கைக்குழந்தையோடு தப்பி வந்தவள் ஊர் ஊராக அலைந்து, கடைசியில் எங்கள் ஊரில் ஒரு வாடகை வீடும் ஒரு தையல் மெஷினுமாக நிலைத்திருந்தாள். நடந்ததை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு வருஷம் கெஞ்சிய பிறகு, ஞாயிற்றுக்கிழமை வந்தால் சொல்கிறேன் என்றாள்.

அதே ஞாயிறன்று விழுப்புரத்திலிருந்து இரண்டு கல்லூரிப் பையன்கள், மையத்துக்காக அவள் தெருவில் முஸ்லிம் குடும்பங்களைக் கணக்கெடுக்க வருவதாக இருந்தது. அவர்கள் தப்பான கதவைத் தட்டி அலையக் கூடாதே என்று, முந்தின நாள் நானே போய் முஸ்லிம் வீட்டுக் கதவுகளில் மட்டும், மூலையில் சின்னதாக ஒரு வட்டம் போட்டு வந்தேன். மையத்தின் பலகைக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயிண்ட். இருபத்து மூன்று வீடுகள். யாரும் ஏனென்று கேட்கவில்லை.

மறுநாள் ஜெய்த்தூன் வீடு பூட்டிக் கிடந்தது. மகளை இழுத்துக்கொண்டு முதல் பஸ்ஸிலேயே விழுப்புரத்துத் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள், மெஷினைக்கூட எடுக்கவில்லை என்றாள் பக்கத்து வீட்டுத் தையல்நாயகி. சொன்ன சொல் தவறுகிறாளே என்று எனக்குக் கோபம்தான் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. நோட்டுப் புத்தகத்தோடு பஸ் ஏறினேன்.

விழுப்புரத்தில் என்னை உட்கார வைத்து டீ கொடுத்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"அங்கயும் மொத நாளு ஒருத்தர் வந்தாருங்க சார். படிச்சவரு, நல்ல மனுஷரு. சாக்பீஸு வச்சிக்கினு எங்க ஜனங்க வாசலுக்கு மட்டும் கோடு போட்டுக்கினு போனாரு. எதுக்குன்னு அவருக்கே தெரிஞ்சிருக்காது. எங்க வூட்டுக்காரரு அவருக்குத் தண்ணி குடுத்தாரு."

அவ்வளவுதான். நோட்டை நான் திறக்கவே இல்லை. திரும்பி வரச் சொல்ல வாய் வரவில்லை. எந்த முகத்தோடு சொல்வது?

திண்டிவனம் வந்ததும் கிழிந்த வேட்டித் துணியோடு தெருவில் இறங்கினேன். முதல் வீட்டில் ஓர் அம்மாள் கதவைக் கழுவிக்கொண்டிருந்தாள். கதவு முழுக்க ஈரம். பச்சை வட்டத்தைச் சுற்றி மட்டும் காய்ந்திருந்தது.

"சார் போட்ட அடையாளமாச்சே, அழிஞ்சிடப் போவுதுன்னு தண்ணி படாம பாத்துக்கினேங்க," என்றாள்.

பெயிண்டை அழிக்க மண்ணெண்ணெய் வேண்டும். அதையும் அவளிடம்தான் கேட்டேன். எதற்கென்று கேட்காமலே எடுத்து வர உள்ளே போனாள்.