மேசைக்குச் சாயம் ஏற்றியவர்

வாசகசாலை நூலகர் அந்த வீட்டுக்கு வந்தது நன்கொடைப் புத்தகங்களை எடுத்துப்போகத்தான். ஆனால் கூடத்தில் கிடந்த சாப்பாட்டு மேசையைப் பார்த்ததும் வந்த வேலையை மறந்துவிட்டார். சாதாரணப் பலகைதான். அது தேன் நிறத்தில், ரேகை ரேகையாக மின்னியது.

"யார் கைவேலை சார் இது?"

வீட்டுக்காரர் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கும் ஒப்பந்தக்காரர். "எல்லாம் நம்ம வீட்ல பண்ணதுதான்" என்று சிரித்தார். பொய் சொல்லவில்லை, உண்மையையும் சொல்லவில்லை. மூன்று வாரம் உப்புத்தாளால் தேய்த்து, சாயம் ஏற்றி, வார்னிஷ் பூசிய மனைவி, காப்பித் தட்டோடு பக்கத்தில்தான் நின்றாள்.

"அப்ப எங்க சனிக்கிழமை வகுப்பை நீங்களே எடுங்க சார். மரத்துக்குக் கலர் ஏத்தக் கத்துக்கொடுக்க ஆள் தேடிட்டிருக்கேன்."

வாசகசாலை அறிவிப்புப் பலகையில் பார்த்த நாள் முதல் அந்த வகுப்பைத் தான் எடுக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. கணவரோ நன்றாகத் தலையாட்டிவிட்டார்.

நூலகர் போனதும் கேட்டாள்: "இவதான் பண்ணான்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சுடும்?"

"விடு. இருபது வருஷமா பெயிண்ட் அடிக்கிறவனுக்கு ஒரு பலகை பெரிய விஷயமா? நீயும் கூட வா, துணி கிணி எடுத்துக் கொடு."

சனிக்கிழமை வாசகசாலைக்குப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். அவர் சுவருக்கு அடிப்பதுபோல் ஒரு பலகைமேல் சாயத்தைத் தாராளமாக அப்பி, "காயட்டும்" என்று கையைக் கட்டிக்கொண்டார்.

"துடைச்சிடுங்க, அதிகமா இருக்கு" என்று அவள் காதோரம் சொன்னாள்.

"எனக்குத் தெரியும்."

அரை மணி நேரம் தன் அனுபவத்தை அளந்தார். மரம் குடித்தது போக மிச்சச் சாயம் மேலேயே நின்று பிசுபிசுத்தது. துணியால் தேய்த்தார், திட்டுத் திட்டாகப் பிய்ந்தது. ரேகை இருந்த இடமே தெரியவில்லை.

"சார், நூலகர் சொன்னாரே, உங்க வீட்டு மேசை, அதுவும் இப்படித்தான் வந்துச்சா?" என்றார் முன்வரிசைத் தபால்காரர்.

அவர் முகம் வெளிறிப்போயிற்று. மனைவியைப் பார்த்தார். இவள் எப்படியும் காப்பாற்றிவிடுவாள் என்று அவருக்குத் தெரியும். அதுதான் அவரைச் சுட்டது.

"அந்த மேசை நான் பண்ணலீங்க. இவங்க பண்ணது. கேட்டப்ப இவங்க பேரைச் சொல்லாம இருந்துட்டேன்."

அவள் டப்பாவைத் திறந்து, அதே சாயத்தை அதே பலகைமேல் மறுபடியும் பூசினாள்.

"இன்னும் ஒட்டுமே" என்றது ஒரு குரல்.

"ஒட்டாது. காஞ்சு நிக்கிறதை இந்தப் புதுச் சாயம் இளக்கிவிட்டுடும். உடனே துடைக்கணும், அவ்வளவுதான்."

ரேகை ஓடும் பக்கமாகவே துணியை இழுத்தாள். பிசுக்கு முழுவதும் துணியோடு வந்தது. மறைந்திருந்த ரேகைகள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. பதினைந்து பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவள் கை மட்டும் துடைப்பதை நிறுத்தவில்லை.

"அடுத்த வாரத்திலேர்ந்து வகுப்பு மேடம் எடுப்பாங்க" என்று நூலகர் அங்கேயே அறிவித்தார். "சார், நீங்க?"

"நான் தபால்காரருக்குப் பக்கத்துல உட்கார்ந்து கத்துக்கிறேன்" என்றவர், எல்லாரையும் பார்த்துச் சொன்னார்: "வீட்ல ஒருத்தர் உழைச்சதுக்கு வர்ற பாராட்டை நாம சும்மா இருந்து வாங்கிக்கிட்டாலும் அது திருட்டுதாங்க. உங்க வீட்லயும் யாராவது கேட்டா, பண்ணவங்க கையைப் பிடிச்சு முன்னால நிறுத்துங்க."