கடைசி ஆள்

அன்று நம் தீவு நாட்டின் தென்கரையில், சியென்ஃபுவேகோஸ் நகராட்சி உரிம அலுவலகத்தின் எதிரே மரநிழலில் இருந்தவர்கள் ஐந்தே பேர்: முடிதிருத்தும் ஓஸ்வால்டோ, ஓய்வு பெற்ற செவிலி துல்சே, சர்க்கரை ஆலையில் முப்பத்திரண்டு ஆண்டு வேலை பார்த்த எவரிஸ்தோ, அவருடைய மகள் மைலென், பத்து மணிக்கு மேல் வந்து சேர்ந்த எவரிஸ்தோவின் தம்பி ரிகோபெர்தோ. நாங்களும் இருந்தோம் என்று பின்னால் சொல்லிக்கொண்டவர்கள் யாரும் அங்கே இல்லை.

எவரிஸ்தோ இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், பெஞ்சில் சாயாமல் உட்கார்ந்திருந்தார். முன்னறையில் நாலு மேசை போட்டுச் சாப்பாட்டுக் கடை வைக்க வேண்டும் என்பது மைலெனின் ஆசை. இப்போது அரசாங்கமே அதற்கு உரிமம் கொடுக்கிறது. வீடு அவர் பேரில் இருப்பதால் அவரே வந்து கையெழுத்திட வேண்டும். சொந்தக் கடை வைக்கிறவன் ஊரை உறிஞ்சுகிற அட்டை என்று தெருக் கூட்டங்களில் பேசியவர் அவர். பேசியதை அவரும் மறக்கவில்லை, தெருவும் மறக்கவில்லை.

"நேத்து வாஷிங்டன்ல நம்ம கொடிய ஏத்துனாங்களே, பாத்தீங்களா?" என்றார் ஓஸ்வால்டோ. "அம்பத்திநாலு வருஷம் மொறச்சுக்கிட்டு நின்ன ரெண்டு நாடும் கை குலுக்கிடுச்சு. சில பேரு வீட்டுலதான் இன்னும் முடியல."

"அரசாங்கம் பேச்சை மாத்தலாம். நான் மாத்துறதில்ல" என்றார் எவரிஸ்தோ.

"அப்ப ஊர உறிஞ்சுற அட்டைக்கு உரிமம் எந்த ஜன்னல்ல குடுக்குறாங்க?" என்று கேட்டுவிட்டு, துல்சே பச்சை விசிறியை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மைலென் குனிந்து அப்பாவின் காதருகே பேசினாள். "நாளைக்குக் காலையில சித்தப்பா கிளம்புறாருப்பா. இந்த ஒரு வாரத்துல மூணு தடவ வாசல் வரைக்கும் வந்தாரு. மூணு தடவயும் நீங்க கொல்லப்பக்கமாப் போயிட்டீங்க. அறுபத்தெட்டு வயசாச்சு அவருக்கு. இன்னொரு தடவ வருவாரோ என்னவோ."

"சொன்ன ஒரு சொல்லை மீறத்தான் இன்னைக்கு வந்திருக்கேன். ரெண்டாவதையும் மீறச் சொல்லாதே."

அந்த இரண்டாவது சொல் எண்பதாம் வருஷத்தது. ரிகோபெர்தோ நாட்டை விட்டு அந்த எதிரி நாட்டுக்குப் படகேறிய அன்று, துரோகி வீடு என்று தெருவே திரண்டு வந்து அவர்கள் வீட்டுச் சுவரில் முட்டை எறிந்தது. மறுநாள் காலை அம்மா தனியாக நின்று முட்டை ஓடுகளைக் கூட்டி அள்ளினாள். அன்றே ஆலைக் கூட்டத்தில் எவரிஸ்தோ எழுந்து, "எனக்குத் தம்பி கிடையாது" என்றார். சொல்லியிராவிட்டால் வேலை போயிருக்கும். ஆனால் வேலைக்குப் பயந்து அவர் சொல்லவில்லை. பெற்றவளிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் போனவன் அவன். அதற்குப் பிறகு வந்த கடிதங்கள் எல்லாம் உறை கிழியாமலே திரும்பிப் போயின.

நம் ஊரில் வரிசை என்றால் யாரும் வரிசையாக நிற்பதில்லை. நிழல் கண்ட இடத்தில் உட்காருவோம். புதிதாக வருகிறவர் கடைசி ஆள் யார் என்று கேட்க வேண்டும். கடைசியாக வந்தவர் பதில் சொல்ல வேண்டும். வேறு யாரும் அவருக்காகச் சொல்லக் கூடாது. தனக்கு முன்னால் யார், பின்னால் யார் என்று தெரிந்தால் போதும், நாள் முழுக்க வரிசை கலையாது. தெருக் கமிட்டித் தலைவராக இருந்த இருபது வருஷத்தில், கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் இருந்த எத்தனையோ பேரை எவரிஸ்தோ கடிந்திருக்கிறார். மௌனமாக இருப்பவன் எல்லாருடைய இடத்தையும் திருடுகிறான் என்பார்.

ரிகோபெர்தோ மெல்ல நடந்து வந்து, மரத்துக்குச் சற்றுத் தள்ளி நின்று, தொப்பியைக் கழற்றினார்.

"கடைசி ஆள் யாரு?"

ஓஸ்வால்டோ வாயை மூடிக்கொண்டார். மைலென் தரையைப் பார்த்தாள். எவரிஸ்தோ அலுவலகக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன எவரிஸ்தோ அண்ணே, நாக்கை வீட்டுல வச்சுட்டு வந்துட்டீங்களா?" என்றாள் துல்சே. "கியூ உடையுது."

"கடைசி ஆள் யாருங்க?" ரிகோபெர்தோ மறுபடியும் கேட்டார்.

எவரிஸ்தோ எழுந்து நின்றார்.

"நான்தான்."

முப்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு தம்பியிடம் அவர் பேசிய முதல் சொல் அது. முறைப்படி மீதியையும் சொன்னார். "எனக்கு முன்னாடி அந்தப் பச்ச விசிறிக்காரம்மா."

"சரி. அப்ப நான் உனக்குப் பின்னாடி."

"உனக்கு இங்க என்ன வேலை? உரிமம் வாங்கவா வந்தே?"

"இல்லண்ணே. வேற எங்க வந்து கேட்டாலும் நீ பதில் சொல்ல மாட்டே."

எவரிஸ்தோ தம்பியை நன்றாகப் பார்த்தார். காதோரம் அப்பாவின் நரை. அவர் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்.

"உக்காரு. நேரமாகும்."

தம்பி உட்கார்ந்தார். பிறகு ரிகோபெர்தோ தொப்பியை மடியில் திருப்பிக்கொண்டே கேட்டார்: "அம்மா கடைசில என்னப் பத்திக் கேட்டாங்களா?"

"தினமும் கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"நல்லா இருக்கான்னு சொன்னேன். கடுதாசி வந்ததுன்னு சொன்னேன். பிரிக்கலேன்னு சொல்லல."

மைலென் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனாள்.

மதியம் மூன்று மணிக்கு எவரிஸ்தோ உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டார். அடுத்த முறை ரிகோபெர்தோவுடையது. அவர் உள்ளே போகவில்லை.

எவரிஸ்தோ தம்பியிடம் மன்னிப்புக் கேட்டார் என்று இப்போது தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. கேட்கவில்லை. தம்பியும் கேட்கவில்லை.