தண்ணி தொடாத வீடு

சுவரில் மாட்டியிருக்கும் படங்களைக் கொஞ்சம் கழற்ற வேண்டும் என்றாள் அந்தப் பெண். பாலம் போடும் இலாகாவில் உதவிப் பொறியாளராம், பெயர் மதிவதனி. வேங்கிக்காலிலிருந்து சுற்றிக்கொண்டு வந்ததில் அவளுடைய ஜீப் கூரை வரை புழுதியாகி வாசலில் நின்றது. கூட வந்த சாலைப் பணியாளர் செழியன் படத்தை நோக்கிக் கையை நீட்டினார். அப்பாதுரை "இருப்பா" என்று ஒரே வார்த்தையில் அவரை நிறுத்திவிட்டுத் தானே போய்க் கழற்றினார். முதலில் தாத்தா வேடியப்பன், பிறகு அப்பா, கடைசியாகத் தான் ஊராட்சித் தலைவராக இருந்தபோது பொன்னாடை போர்த்திக்கொண்ட படம். ஒவ்வொன்றையும் தோள் துண்டால் துடைத்துக் கட்டிலில் மல்லாக்க வைத்தார். படங்கள் இருந்த இடத்தில், நூல் பிடித்து அடித்ததுபோல, செம்மண் கோடு ஒன்று சுவரின் குறுக்கே ஓடியது. வாசல் நிலையின் மேல்கட்டைக்குச் சரியாக அதன் உயரம். கார்த்திகைக்குப் பிறகு மூன்று முறை சுண்ணாம்பு அடித்துப் பார்த்துவிட்டார். ஒவ்வொரு முறையும் காய்ந்த மறுநாளே, வேட்டியில் பட்ட மஞ்சள் கறை மாதிரி கோடு மேலே வந்து நின்றது. அதற்குப் பிறகுதான் முன்னோர்களை அங்கே வரிசையாக மாட்டினார்.

அந்தக் கார்த்திகையில் வந்தது ஊரில் யாரும் பார்த்திராத மழை. அண்ணாமலையிலேயே மண் சரிந்தது. கல்லேரிப்பட்டு சனம் முழுக்கப் பள்ளிக்கூட மாடியில் இரண்டு நாள் நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் கல்லோடைப் பாலம் அப்படியே இருந்தது, இரண்டு பக்கமும் அதற்கு ஏறிப் போகும் சாலையைத்தான் காணோம். நடு ஓடையில் எந்தக் கரையையும் தொடாமல் நிற்கிற பாலத்தை வெளியூர்க்காரர்கள் வந்து செல்போனில் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். பதினாறு கிலோமீட்டரில் இருந்த திருவண்ணாமலை முப்பத்தொன்றுக்குத் தள்ளிப் போனது. பஸ் நின்றது. பின்வீட்டுக் கன்னியம்மாள் விடியும் முன் பறித்து ஆறு மணிக்குள் பூக்கடைக்குக் கொண்டுபோகிற மல்லி மொட்டு, ஷேர் ஆட்டோவில் சுற்றிப் போய்ச் சேர்வதற்குள் வாய் திறந்துவிட, பூத்த பூவைக் கேட்பார் இல்லாமல் போனது.

அப்பாதுரையின் வீட்டுக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. தண்ணி தொடாத வீடு. வேடியப்பன் மேட்டைத் தேடிக் கட்டிய வீடு. எந்தக் காலத்து வெள்ளமும் அதன் படிக்குக் கீழே தலையைக் கவிழ்த்துக்கொண்டு போய்விடும் என்பார்கள். அதனால்தான் சித்திரையில் திரௌபதி அம்மன் கரகம் புறப்பட்டால் முதலில் இந்த வாசலில் வந்து நிற்கும். முதல் தேங்காய் இங்கேதான் உடையும். அந்த மரியாதைக்காக அவர் அப்பா பங்காளிகளோடு ஒன்பது வருஷம் பேசாமல் இருந்திருக்கிறார். இந்தத் தடவை தண்ணீர் கூரையை எட்டிப் பார்த்த பிறகும் ஊர் அதை விட்டுவிடவில்லை. "பாலத்துக்குத் தண்ணி போற கண்ணு கம்மி. மரமும் குப்பையும் அடைச்சிக்கினு தண்ணி எதுத்து ஏறிடுச்சி. இல்லன்னா அந்த வூட்டத் தொடுமா?" என்று கோயில் வாசலில் பேசி முடித்துவிட்டார்கள். கரகம் எப்போதும்போல அங்கேதான் நிற்கும் என்றும் முடிவாகிவிட்டது. இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.

மதிவதனி பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். பழைய கோப்பின் நகல். "இது உங்க கையெழுத்துங்களா ஐயா?"

கண்ணாடி இல்லாமலேயே தெரிந்தது. பாலம் கட்டுவதற்கு முன்னால், ஏழு வருஷத்துக்கு முந்தி, இப்படித்தான் ஒரு பொறியாளர் வந்தார். ஓடையில் இதுவரைக்கும் வந்த பெரிய வெள்ளம் எந்த உயரம் வந்தது என்று ஊரில் மூத்தவரைக் கேட்டு, அவர் காட்டிய இடத்தில் குறி வைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் பாலத்தின் உயரத்தை முடிவு செய்வார்களாம். மூத்தவர் என்று ஊர் அப்பாதுரையைக் காட்டியது. அவர் அம்மன் கோயில் கல்தூணில், தாத்தா காட்டிய இடத்தைக் காட்டினார். கூட்டத்தில் நின்ற கன்னியம்மாள், "மூணு வருசத்துக்கு முன்னால அதுக்கு மேலயே வந்துச்சே. எங்க வூட்டுப் பரண் வரைக்கும் வந்துச்சே சார்" என்றாள். "அவ வூடு பள்ளத்துல கீது சார். மாடு மூத்திரம் பேஞ்சாலே தண்ணி நிக்கும்" என்றார் அப்பாதுரை. எல்லாரும் சிரித்தார்கள். பொறியாளரும் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். கன்னியம்மாள் முந்தானையை உதறிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் சொன்னது நிஜம். ரெண்டாயிரத்துப் பதினைந்தில் ஒரு விடியற்காலை, படியைத் தாண்டி, நிலையைத் தாண்டி, கூடத்தில் இரண்டு சாண் தண்ணீர் நின்றது. அவரும் மனைவி சந்திரம்மாளும் தெருக்கதவைத் திறக்காமல் குடத்தால் மொண்டு மொண்டு கொல்லைப் பக்கம் ஊற்றினார்கள். ஊர் வந்து பார்ப்பதற்குள் தரையைக் கழுவி, சுவரின் கீழ்ப்பாகத்துக்குச் சுண்ணாம்பும் அடித்தாகிவிட்டது. சந்திரம்மாள் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. இனி அது தனக்கு மட்டுமே தெரிந்தது என்றுதான் இருந்தார்.

"என் கையெழுத்துதான்" என்றார்.

"பாலம் கட்றதுக்கு முன்னாடி எப்பவாவது இந்த வீட்டுக்குள்ள தண்ணி வந்திருக்குதுங்களா?"

கன்னியம்மாள் வாசலில் நின்றிருந்தாள். ஜீப்பைப் பார்த்துவிட்டு, பஸ் எப்போது விடுவார்கள் என்று கேட்க வந்தவள். கையில் விற்காமல் திரும்பிய பூக்கூடை. மதிவதனி அவள் பக்கமும் பார்த்தாள்.

"என்னக் கேக்காதம்மா. எங்க வூடு பள்ளத்துல கீது" என்றாள் கன்னியம்மாள்.

அப்பாதுரைக்குக் காது சுட்டது. இல்லை என்று சொல்ல ஒரு தலையாட்டல் போதும். கரகம் வரும், தேங்காய் உடையும். ஆனால் அந்தப் பூக்கூடையிலிருந்து வந்த வாடை, வெந்நீரில் போட்டெடுத்ததுபோன்ற மல்லியின் வாடை, அவரை விடவில்லை. இந்தப் பாலம் தன் வாயால் வந்த உயரம். மறுபடியும் அதே உயரத்தில் எழுதிவிட்டால்?

இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். நிலைக்குப் பக்கத்தில் குனிந்து, தரையிலிருந்து இரண்டு சாண் உயரத்தில் சுண்ணாம்பைச் சுரண்டினார். ஏடு ஏடாகப் பெயர்ந்து விழுந்தது. அடியில் பழைய கோடு, காய்ந்த ரத்தத்தின் நிறத்தில் இருந்தது.

"வந்துச்சி. பதினஞ்சுல. நான்தான் மறைச்சிட்டேன்" என்றார். நிமிர்ந்து நின்றுதான் சொன்னார். "இத எழுதிக்கம்மா. எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடறேன்."

மதிவதனி குனிந்து பார்த்தாள். மரியாதைக்காக டேப்பை வைத்து அளந்தும் பார்த்தாள்.

"இதச் சொல்லியிருந்தீங்கன்னா பாலம் ரெண்டு மூணடி ஒசந்திருக்கும் ஐயா. போன கார்த்திகையில வந்த தண்ணி அதுக்கும் மேல போயிடுச்சு."

"அப்ப நான் சொல்லியிருந்தாலும்..."

"தெரியலீங்க. ரோடு போயிருக்கும்னுதான் நெனைக்கிறேன்." அவள் குரலில் ஆறுதலும் இல்லை, குற்றமும் இல்லை. "அம்பது வருஷத்துக்கு ஒரு தடவ வர்ற மழைன்னு ஒண்ணு வெச்சிருந்தோம். அது பத்து வருஷத்துக்குள்ளயே திரும்பத் திரும்ப வருது. பெரியவங்க காட்டின குறிக்கு மேல நாலடி வெச்சா போதும்னு இருந்தது. இப்ப எந்தக் குறிக்கு மேல எத்தன அடி வைக்கறதுன்னு எங்களுக்கே புடிபடல."

"புதுப் பாலம் வருமா வராதா?"

"எழுதியிருக்கோம். ஒசரம் முடிவானாத்தான் மத்ததெல்லாம். அதுவரைக்கும் தண்ணி போக குழாய் போட்டு, மேல மண்ணக் கொட்டித் தருவோம். பஸ் போகும். ஐப்பசி வரைக்கும் தாங்கும்."

"அப்புறம்?"

அவள் பேனாவை மூடினாள்.

"நான் சொன்னத எழுதிக்கலியே" என்றார் அப்பாதுரை.

"இந்த ஃபாரத்துல கடைசியா வந்த வெள்ளத்துக்குத்தான் எடம் இருக்குதுங்க ஐயா. கையெழுத்தெல்லாம் இப்ப வாங்கறதில்ல. போட்டோ போதும்."

செழியன் அளவுக்கோலைச் சுவரில் நிமிர்த்திப் பிடித்தார். அவள் செல்போனில் இரண்டு படம் எடுத்தாள். செம்மண் கோட்டின் மேல் சிவப்புப் பெயிண்டால் அம்புக்குறி போட்டு, செழியன் தேதியை எழுதப் போனார். "கொஞ்சம் கீழ எழுதுங்க அண்ணே. மேல எடம் இருக்கட்டும்" என்றாள் மதிவதனி. ஜீப் போய்விட்டது.

கன்னியம்மாள் போகவில்லை. கூடையைக் கீழே வைத்திருந்தாள். அவள் இப்போது தெருவெல்லாம் போய்ச் சொல்வாள், சொல்லட்டும் என்று அப்பாதுரை காத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி குடம் குடமா கொல்லையில ஊத்துனத அன்னிக்கே பாத்தேன் நானு" என்றாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். "பின்ன ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"பாலம் கட்ட வந்தவரு கேட்டப்ப சொன்னேன். நீங்க சொன்னப்ப என்னா சிரிப்பு சிரிச்சாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "அப்பறம் நானே வுட்டுட்டேன். தண்ணி தொடாத வூடு ஊர்ல ஒண்ணுகூட இல்லன்னா கரகம் எங்கண்ணா போயி நிக்கும்?"

கரகத்துக்கு இன்னும் பதினெட்டு நாள். ஐப்பசிக்கு ஆறு மாசம். கட்டிலில் மூன்று படங்களும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தன. அவற்றை இனி எங்கே மாட்டுவது என்று சுவரைப் பார்த்தார். பிறகு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துச் சுவரோரம் போட்டார்.

"இந்த வயசுல இன்னாத்துக்கு ஏர்றீங்க?" என்று சொல்லிக்கொண்டே வந்து, கன்னியம்மாள் நாற்காலியின் கால்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அவர் ஏறி நின்றார். ஈரம் காயாத பெயிண்டுக்கு மேலே கட்டைவிரலை ஊன்றி, கையை விரித்து, ஒரு சாண் வைத்தார். அதற்கு மேல் இன்னொன்று. மூன்றாவது சாணுக்கு விரல் முழுசாக விரியவில்லை, கூரை ஓடுகளைத் தாங்குகிற பனஞ்சட்டம் இடித்தது.

"எத்தினி சாண் கீது?" என்று கீழேயிருந்து கேட்டாள்.

அவர் கையை எடுக்காமல், பாதி விரிந்த விரல்களோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.