நலமானவர்கள் பெட்டியில் அக்கா

ஆய்வகம் புதுக் கட்டடத்துக்கு மாறப்போகிறது என்றதும், உறைபெட்டியைக் காலிசெய்யும் வேலை தங்கையின் தலையில் விழுந்தது. இருபது வருட உத்தியோகம். வேறு யார் தலை அகப்படும்? அடித்தட்டில் அவள் வேலைக்குச் சேர்ந்த வருடத்துப் பெட்டி இருந்தது. மூடியில் அவளுடைய அன்றைய குண்டுக் கையெழுத்து: ‘நலமானவர்கள்’.

சினைப்பை நீர்க்கட்டி உள்ள பெண்களின் ரத்தத்தோடு ஒப்பிட, அது இல்லாத நாற்பது பெண்கள் அப்போது தேவைப்பட்டார்கள். ஊசி என்றால் யார் வருவார்கள்? ஆளாளுக்குச் சொந்தபந்தங்களை இழுத்துவந்தார்கள். தங்கை அக்காவை அழைத்துவந்தாள். அக்காவுக்குப் பதினேழாம் எண், தனக்குப் பதினெட்டு. “மாசாமாசம் ஒழுங்கா வருதா?” என்று கேட்டு அவளே படிவத்தை நிரப்பினாள். “கடிகாரம் மாதிரி” என்றாள் அக்கா. பிறகு இருவரும் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு எதிர்க்கடையில் ஐஸ்கிரீம் தின்று, ஒன்றுமில்லாததற்கெல்லாம் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காக இன்றைக்கும் தங்கை ஏங்கினாள்.

போன வாரம் அந்தப் பழைய ரத்தத்தைப் புதுக் கருவியில் மறுபடி சோதித்திருந்தார்கள். முடிவு இன்றைக்குத்தான் வந்தது. ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி இருக்கிறதே, அதன் மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருந்தது, பதினேழிலும் பதினெட்டிலும். அதிசயம் ஒன்றுமில்லை, நலமாக இருப்பவர்கள் பலருக்கும் உண்டு. ஒரே வயிற்றுப் பிள்ளைகள் ஆயிற்றே என்று குஷியாகி, சாப்பாட்டு இடைவேளையில் அக்காவைப் போனில் அழைத்தாள்.

“அக்கா, நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி! நீர்க்கட்டி வர்றதுக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கிற மரபணுவாம். அது மட்டும் இருந்தா வந்துடாது. பாரு, நமக்கு வரலையே!”

“எனக்கு வந்துச்சுடி” என்றாள் அக்கா.

“கடிகாரம் மாதிரின்னியே?”

“அப்ப நின்னு நாலு மாசம் ஆயிருந்துச்சு. நீ புதுசா வெள்ளைக் கோட்டு போட்டுக்கிட்டு, எல்லார்கிட்டயும் ‘எங்கக்கா’ன்னு பெருமையா காட்டுறே. எப்படிச் சொல்றது?”

தங்கைக்குப் பழைய வீட்டுக் குளியலறை நினைவுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு மோவாய் முடியைப் பிடுங்குவாள். அதுவும் நீர்க்கட்டியின் வேலைதான். “உள்ளே குடித்தனமே நடக்குது” என்று கதவைத் தட்டி வீட்டையே சிரிக்கவைத்தது இவள்தான். அந்த நாட்களைத்தான் இத்தனை வருடம் இனிக்க இனிக்க நினைத்துக்கொண்டிருந்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

“நான் கண்டதையும் தின்னு, அசையாம கிடந்து வரவழைச்சுக்கிட்டேன்னு அம்மா சொன்னாங்க. நானும் இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான் நம்பிட்டிருந்தேன்” என்றாள் அக்கா. “அப்ப என் தப்பு இல்லையா?”

“இல்லக்கா. கூடவே பொறந்தது. எனக்கும்தான் இருக்கு. என்னமோ, உனக்கு வந்துச்சு, எனக்கு வரல.”

“நான் சொன்ன பொய்யால உங்க ஆராய்ச்சி கெட்டிருக்குமே. என் எண்ணை அடிச்சிடுவாங்களா?”

“ஆராய்ச்சியை நடத்துற டாக்டரம்மாகிட்ட சொல்லித்தான் ஆகணும். அடிச்சிடுவாங்க.”

“அடிக்க வேணாம்னு சொல்லுடி. இருபது வருஷமா நல்லா இருக்கிறவங்க வரிசையிலேயே நின்னுட்டேன், காலு வலிக்குது. என்னை அந்தப் பக்கம் உக்காரவை.”