அலமாரி யாருடைய வார்த்தை

அகராதி அலுவலகத்தில் வேலை பார்க்கும் அந்த மனிதருக்கு, வீடு மாறுகிற நாளில்கூட வாய் சும்மா இருக்கவில்லை.

சாமான் தூக்க வந்தவர்கள் மூவர்: ஒருவருக்கு இந்தி, ஒருவருக்கு மலாய், ஒருவருக்குச் சிங்களம். மாடிப்படித் திருப்பத்தில் அலமாரி சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே வசமாக மாட்டிக்கொண்டது.

"அல்மாரியைச் சாய்ங்க" என்றார் இந்திக்காரர், அரைகுறைத் தமிழில்.

"அட, அது எங்க வார்த்தை" என்றார் மலாய்க்காரர்.

"யாரு சொன்னது? எங்களுது" என்று சிங்களக்காரர் கையை எடுத்தேவிட்டார். மொத்தப் பாரமும் கீழ்ப்படியில் நின்ற அகராதிக்காரரின் தோளில் இறங்கியது. அவர் முகமோ மலர்ந்தது.

"உங்க யாருதும் இல்ல, எங்களுதும் இல்ல! போர்த்துகீசியர் கொண்டுவந்தது. அதுக்கும் மூலம் லத்தீன். ஆயுதம் வைக்கிற இடம்னு அர்த்தம். ஆயுதம்!"

மேல்வீட்டுக் கதவு லேசாகத் திறந்து, படாரென்று மூடியது. கொஞ்ச நேரத்தில் போலீஸ்காரர் ஒருவர் மூச்சிரைக்க ஏறி வந்தார்.

"ஆயுதம் எங்க?"

"லத்தீன்ல இருக்கு சார்."

"யாருய்யா அந்த லத்தீன்? எந்த மாடி?"

மேலே பாத்திர மூட்டையோடு நின்ற மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "இவருக்கு இதே பொழப்பு சார். போன வாரம் சாவிங்கிற வார்த்தை எங்கிருந்து வந்ததுன்னு சொல்லிமுடிக்கிற வரைக்கும் கதவையே திறக்கல."

போலீஸ்காரர் நம்பவில்லை. திறந்து பார்த்துவிடலாமென்றால் அலமாரியின் கதவு சுவர்ப்பக்கம். வேறு வழியில்லாமல் அவரும் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுத் தோள் கொடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆளுக்கொரு மொழியில் எண்ணி, ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தார்கள். அலமாரி அசைவேனா என்றது.

"எல்லாருக்கும் தெரிஞ்ச வார்த்தை ஒண்ணுதானே இருக்கு? அதைச் சொல்லித் தூக்குங்களேன்!" என்று மேலிருந்து கத்தினாள் மனைவி.

"அல்... மா... ரி!"

ஒரே தம்மில் கிளம்பியது. அதே முழக்கத்தோடு வீட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்தினார்கள். போலீஸ்காரர் கதவைத் திறந்தார். உள்ளே துணி ஒன்றுகூட இல்லை. மேல்தட்டு முதல் அடித்தட்டு வரை தடித்தடியான அகராதிகள்.

"காலி அலமாரின்னுதானே சொன்னீங்க!" என்று பாய்ந்தார் மலாய்க்காரர். பிறகு மூவரும் தத்தம் தாய்மொழியிலேயே திட்ட ஆரம்பித்தார்கள்.

அகராதிக்காரர் கோபப்படவில்லை. சிங்களக்காரரின் அருகில் போய்ப் பணிவாகக் கேட்டார்: "கடைசியா சொன்னீங்களே, அதை இன்னொரு தடவை மெதுவா சொல்லுங்களேன்."