பாத்திரங்கள் வீடு திரும்பிய நாள்

கேஸ் அடுப்புக்கு எழுதிப்போட்டுவிட்டு நானும் என் கணவர் தனசிங்கும் வருஷக்கணக்காகக் காத்திருந்தோம். ஒருவழியாக எழுபத்து நான்கில் ஒரு வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஆள் வருவதாகத் தகவல் வந்தது. சமையல் மேடையில் இடம் தயாராக இல்லாவிட்டால் சிலிண்டர் அடுத்த பெயருக்குப் போய்விடுமாம். தனசிங் எலெக்ட்ரிக் ரயிலைப் பிடிக்க ஓடிக்கொண்டே, "பாத்துக்கோ ஹில்டா" என்றார். பார்த்துக்கொள்வதற்கு மேடை கண்ணில் பட்டால்தானே.

மேடை முழுக்கப் பாத்திரம். அதில் பாதி எங்களுடையதே அல்ல. எங்கள் தாம்பரம் தெருவில், பலகாரத்தோடு வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தருகிற வழக்கம் கிடையாது. ஏதாவது செய்து போட்டுக் கொடுக்கலாம் என்று எடுத்து வைப்போம்; அது அப்படியே குடியேறிவிடும். நூர் பீவி அக்கா ரம்ஜானுக்கு பிரியாணி அனுப்பிய தேக்சா, சரோஜினி பொங்கல் கொடுத்த தூக்கு, எல்லாவற்றிலும் அவரவர் பெயர் வெட்டியிருந்தது.

சரி, இன்றைக்கே கணக்குத் தீர்த்துவிடுவோம் என்று கெரசின் ஸ்டவ்வைப் பற்றவைத்தேன். வீட்டிலிருந்த ரவை, சர்க்கரை, நெய் மொத்தத்தையும் கொட்டிக் கேசரி கிளறி, பாத்திரத்துக்கு இரண்டு கரண்டி வைத்து, வெயிலில் தெருவெல்லாம் சுற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். மேடை மைதானமாகக் கிடந்தது. அதில் கன்னத்தை வைத்துப் படுத்தே பார்த்தேன். அவ்வளவு சந்தோஷம்.

ஒன்றை மறந்துவிட்டேன். எங்கள் பாத்திரங்களும் அவர்கள் வீடுகளில் குடியிருந்தன. கேசரியைப் பார்த்ததும் தெருவுக்கே ரோஷம் வந்துவிட்டது.

முதலில் சரோஜினி, எங்கள் குண்டான் நிறையச் சுண்டலோடு வந்தாள். "உன் குண்டான் எங்கூட்லயே கீது, மனசே சரியில்ல" என்றாள். பின்னாலேயே நூர் பீவி அக்கா சேமியாவோடு. அப்புறம் பின் தெரு. நாத்தனார் கொண்டுபோய்விட்டாள் என்று நான் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்த பித்தளைப் போசிகூட மோர்க்குழம்போடு வந்து சேர்ந்தது. மேடை நிறைந்து தரைக்கு வந்தபோது, வாசலில் கேஸ்காரர் தட்சிணாமூர்த்தி நின்றார்.

"இன்னாம்மா இது? அடுப்ப எங்க வைக்கிறது? பல்லாவரத்துல ஒருத்தர் காத்துகினு கீறாரு" என்று திரும்பிப் போகப் பார்த்தார். எனக்கு அழ வேண்டும் போலிருந்தது, வந்ததோ சிரிப்பு. அடக்கவே முடியவில்லை.

நூர் பீவி அக்கா வாசலை மறித்துக்கொண்டார். "முதல்ல உக்காந்து சாப்புடு தம்பி. நீ கை கழுவறதுக்குள்ள இடம் பண்ணித் தரோம்."

அவர் உட்கார்ந்தார். அவருக்குத் துணையாக நாங்களும் உட்கார்ந்தோம். சேமியாவும் சுண்டலும் மோர்க்குழம்பும் ஒரே தட்டில். சாப்பிடச் சாப்பிட ஒவ்வொரு பாத்திரமாகக் கிணற்றடிக்குப் போயிற்று. சரோஜினி குண்டானைச் சுரண்டிக்கொண்டே, "வயித்துல இடம் இல்ல, மேடைல இருக்கு" என்றாள். தட்சிணாமூர்த்தி ஏப்பம் விட்டுவிட்டு சிலிண்டரை உள்ளே உருட்டினார்.

அடுப்பு நீலமாக எரிந்தது. "எதுனா வைய்ங்கம்மா" என்றார். டப்பா டப்பாவாகத் திறந்து பார்த்தேன். பால் இல்லை, சர்க்கரை இல்லை, ரவை இல்லை. தண்ணீர் வைத்தோம். அது கொதிப்பதை எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம்.

இருட்டுகிற நேரத்துக்கு தனசிங் வந்தார். அடுப்பைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், "வந்துடுச்சா? என்ன சமையல்?" என்று கேட்டார்.

ஒரு டம்ளரை நீட்டினேன்.

"வெந்நீர். ஊதிக் குடிங்க."