இருவாச்சிப் பொந்துக்குத் தார்

1

இந்தக் கதையை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மனசு உறுத்துகிறது, எழுதுகிறேன். 1974 வைகாசி. தெஹியோவிட்டைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளை. கொழும்பிலிருந்து தொரை ஒருவர் மரங்களைப் பார்வையிட வருகிறார் என்றதும் ஆட்களிடம் சொன்னேன்: "ஒரு மரத்துலயும் ஓட்டை தெரியக்கூடாது. மண்ண வச்சு அடைச்சுத் தாரப் பூசிடுங்க."

முதலில் எழுதிய தொடக்கம் வேறு: 'பனி விலகாத அந்தக் காலையில் மலைகள்...' (அடித்துவிட்டேன். தப்பிக்கப் பார்க்கிறவன்தான் பனியில் தொடங்குவான்.)

2

தார் பூசப் போனவர்களில் ஒருத்தி வெள்ளையம்மா. அவளைக் கொஞ்சம் அசட்டையான பெண்ணாக எழுதிப் பார்த்தேன். பழியில் பாதியை அவள் சுமக்கட்டுமே என்ற நப்பாசை. பேனா நகரவில்லை. அவளைப் போல் சுத்தமாக வேலை செய்கிறவர்கள் அந்தத் தோட்டத்திலேயே கிடையாது. அதுதான் வினையாகிப் போனது.

ரப்பர் நிரை முடிகிற பள்ளத்தில் ஒரு பழைய காட்டு மரம். மேட்டில் நின்றால் அதன் பொந்து கைக்கு எட்டும். பொந்தின் வாயில் ஏற்கெனவே மண் பூசியிருந்தது. நடுவில் விரல் நுழைகிற அளவு ஒரு கீறல்தான் பாக்கி. யாரோ பாதியில் விட்டுப்போன வேலை என்று நினைத்து அதையும் அடைத்து, தாரும் பூசிவிட்டு வந்தாள். நான் பாராட்டினேன்.

(பிற்பாடு நூலகத்தில் படித்தது: பெண் இருவாச்சி பொந்துக்குள் போய், உள்ளிருந்தே வாசலை மண்ணாலும் எச்சத்தாலும் மூடிக்கொள்ளும். பறக்கும் இறகுகளையும் உதிர்த்துவிடும். ஆண் பறவை கீறல் வழியாக ஊட்டுவதுதான் அதற்கும் குஞ்சுகளுக்கும் சாப்பாடு. ஆள் அரவம் கேட்டால் சத்தமே போடாது.)

3

மறுநாள் காலையில் ஓடி வந்தாள்.

"ஐயா, அந்தப் பொந்துல கேதெத்தா இருக்குங்க." இருவாச்சியை அந்தப் பக்கத்தில் எங்கள் ஆட்களும் சிங்களப் பெயரால்தான் சொல்வார்கள். "ஆணு பழத்தோட வந்து தாருமேல கொத்திக்கிட்டே இருக்கு. காத வச்சுக் கேட்டேன், உள்ள பெறாண்டுதுங்க. ஒடைச்சு விட்டுர்றேனே?"

"தொரை வந்துட்டுப் போகட்டும்."

"எப்ப வருவாரு?"

"நாளைக்கு. அதுக்கு முன்னால மரத்தத் தொட்டா வேலையில்ல."

"உசுருங்கய்யா."

"பேசாம போய் வேலையப் பாரு."

தொரை வந்தது ஆறாம் நாள். ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை. அதுவரை தினமும் காலையில் அவள் என் முன்னால் வந்து நின்றாள். நாலாம் நாளிலிருந்து எதுவும் கேட்கவில்லை.

4

முடிவு ஒன்று: இரண்டாம் நாளே என் பேச்சை மீறி வெள்ளையம்மா தாரை உடைக்கிறாள். உள்ளே குஞ்சு கத்துகிறது. எஹலியகொடையில் கடை வைத்திருக்கும் நண்பர் காமிலுக்குப் படித்துக் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு. ஆனா நடக்கலியே?" என்றார். நடக்கவில்லை. பஞ்சம் பிடித்த வருடம். லயத்து ஒற்றை அறையில் அவளுக்கு மூன்று பிள்ளைகள்.

முடிவு இரண்டு: ஆறாம் நாள் சாயங்காலம் நான் உத்தரவு கொடுத்த பிறகு உடைத்தாள். உள்ளே அவள் கண்டது

(இந்த வாக்கியத்தைப் பதினொரு முறை தொடங்கியிருக்கிறேன். நான் பள்ளத்துக்குப் போகவில்லை. திரும்பி வந்தவள் பீலித் தண்ணீரில் வெகுநேரம் கை கழுவினாள். நான் கேட்கவில்லை. அவள் இந்தியாவுக்குக் கப்பலேறி நாலு வருடமாகிறது.)

முடிவு மூன்று: கதை என்பதால் அவள் ஓடி வந்த அந்தக் காலைக்கே திரும்பிப் போகலாம். போனேன். அவள் மூச்சு வாங்க நிற்கிறாள். 'சரி, ஓடிப்போய் ஒடை' என்று எழுதினேன். வாசித்துப் பார்த்தால் என் குரல் மாதிரியே இல்லை. வெட்கமாக இருந்தது, அடித்துவிட்டேன்.

நீங்களாவது அவளிடம் சொல்லுங்கள். இப்போதே ஓடினால் நேரம் இருக்கிறது.